நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தோருக்கு மழைக்காலச் சுவாசத் தொற்று: முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை

சளி, இருமல், காய்ச்சல் ஆகியவற்றுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை, "இரண்டு மூன்று நாள் ஓய்வெடுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்பதாகும். உடல்நலமுள்ள பெரும்பாலோருக்கு இவ்வறிவுரை சரியானதே. நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களிடம் இன்ஃபுளூயன்சா போன்ற சுவாசத் தொற்று விரைவில் நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும். அதற்கான மருந்து முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கப்பட்டால்தான் முழுப் பயன் அளிக்கிறது. எனவே, மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பதென்பது மருந்து நன்கு வேலை செய்யும் காலத்தைக் கைவிடுவதாகவே முடியும்.

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி நகரியம் மற்றும் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வாழும் மக்களை மனத்திற்கொண்டு இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது. கடலூர் மாவட்டத்தின் பிற பகுதியினருக்கும் இதிலுள்ள பெரும்பாலான செய்திகள் பொருந்தும்.

யாருக்கு இது பொருந்தும்?

நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைவு என்பது தனியொரு நோயன்று. சிலருக்கு நோயினாலும் சிலருக்கு உட்கொள்ளும் மருந்தினாலும் இந்நிலை ஏற்படுகிறது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், சிறுநீரகம் அல்லது கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்டு டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர், முடக்குவாதம், லூபஸ் முதலிய நோய்களுக்கு மெத்தோட்ரெக்சேட் அல்லது ஸ்டீராய்டு எடுத்துக்கொள்வோர், எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோருள் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை குறைந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். எண்ணிக்கையில் பார்த்தால், நம் பகுதியில் இப்பிரிவினரே மிகுதி எனலாம்.

தாம் இப்பட்டியலில் இருப்பதை அறியாதவர்களும் உண்டு. மூட்டுவலிக்காகவோ வீசிங்குக்காகவோ மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் வாங்கிய சிறு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கி வருபவர்கள் அவர்கள். அம்மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டாகவே இருக்கும். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட பிரெட்னிசோலோனை இரண்டு வாரங்களுக்கு மேல் உட்கொள்பவரை எதிர்ப்பாற்றல் குறைந்தவராகவே மருத்துவர்கள் கருதுவர். அதைவிடக் குறைந்த அளவானாலும் நீண்ட காலம் உட்கொண்டால் ஓரளவு பாதிப்பு உண்டு. உங்கள் வீட்டில் யாரேனும் இவ்வாறு பெயர் தெரியாத மாத்திரையை உட்கொண்டு வந்தால், அதன் அட்டையை எடுத்துச் சென்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். தாமாக நிறுத்திவிட வேண்டாம். அதற்கான காரணம் பின்னர் கூறப்பட்டுள்ளது.

நமக்குரிய பருவம் எது?

நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்ஃபுளூயன்சா மிகுகிறது. தமிழ்நாட்டிலோ வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில்தான் அது உச்சம் பெறுகிறது. மழைக்காலத்தில் மக்கள் கதவு, சன்னல்களை அடைத்துக்கொண்டு நெருக்கமாக இருப்பதும் இதற்கு ஒரு காரணம். 2009-ஆம் ஆண்டில் பன்றிக் காய்ச்சல் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய எச்1என்1 வைரஸ், 2010 ஆகஸ்டு மாதத்தில் பெருந்தொற்று முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பின்னரும் மறைந்துவிடவில்லை. ஆண்டுதோறும் வந்துபோகும் பருவக் காய்ச்சல்களுள் ஒன்றாக அது இன்றும் நம்மிடையே இருக்கிறது. எனவே, பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம். சாதாரணக் காய்ச்சல்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம்.

நம் பகுதிக்கு இம்மாதங்கள் வெள்ளத்தின் மாதங்களும் ஆகும். பரவனாற்றின் வழியும் பெருமாள் ஏரியைச் சுற்றியும் உள்ள சிற்றூர்கள் நீர் சூழ்ந்து நிற்பது புதிதன்று. 2015 நவம்பர் மழையிலும், 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போதும் கடலூர் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இத்தகைய நாட்களில் மருத்துவமனைக்குச் செல்லும் சாலை துண்டிக்கப்படலாம். நிவாரண முகாமில் பலருடன் ஒரே கூடத்தில் தங்க நேரலாம். காய்ச்சலின் உச்சப் பருவமும் போக்குவரத்து தடைபடும் பருவமும் ஒன்றாக வருவதால், இங்கு வாழும் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் செப்டம்பர் மாத இறுதிக்குள் ஆயத்தமாகிவிட வேண்டும்.

காய்ச்சல் அடிக்காமலும் இருக்கலாம்

கிருமியை எதிர்த்து உடல் போராடுவதன் வெளிப்பாடே காய்ச்சல். போராடும் ஆற்றல் மருந்தினால் அடக்கப்பட்டிருக்கும்போது காய்ச்சல் மிகக் குறைவாகவே தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். குறிப்பாக ஸ்டீராய்டு உட்கொள்வோரிடம் இதைக் காணலாம். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்குச் சளிகூட அதிகம் வராது. தொடக்கத்தில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே படமும் இயல்பாகவே தெரியக்கூடும். "நெற்றி சுடவில்லையே" என்று வீட்டார் ஆறுதல் அடைந்திருக்கும் வேளையில் நுரையீரலில் தொற்று முற்றியிருப்பதை மருத்துவர்கள் பலமுறை கண்டுள்ளனர்.

ஆகையால், வெப்பமானியை மட்டும் நம்பியிராமல் வேறு சில மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். வழக்கமாக எளிதில் நடக்கும் தொலைவுக்கு, எடுத்துக்காட்டாகக் கொல்லைப்புறம் வரை சென்று திரும்பும்போதே மூச்சு வாங்குதல், ஒரே நாளில் பசி அற்றுப்போதல், எழுந்து உட்கார இயலாத அசதி, முதியவர்களிடம் திடீரென்று பேச்சுத் தடுமாற்றமோ குழப்பமோ தோன்றுதல், நீரிழிவு உள்ளவர்களுக்குக் காரணமின்றிச் சர்க்கரை அளவு ஏறுதல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. இவற்றுள் ஏதேனும் ஒன்று சளி அல்லது இருமலுடன் சேர்ந்து வருமாயின் அதைத் தொற்றின் அறிகுறியாகவே கொள்ளுங்கள்.

விரலில் பொருத்தி ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவி கொரோனா காலத்தில் வாங்கியது பல வீடுகளில் இருக்கும். அதன் மின்கலத்தை மாற்றி இப்போது பயன்படுத்தலாம். உடல்நலத்துடன் இருக்கும்போதே உங்கள் இயல்பான அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நோயுற்ற நாளில் அமர்ந்த நிலையில் ஒருமுறையும், உடன் ஒருவர் இருக்க அறைக்குள் சில நிமிடங்கள் நடந்தபின் ஒருமுறையும் பாருங்கள். அமர்ந்திருக்கும்போது 94-க்குக் கீழே இருந்தாலோ, நடந்தபின் நான்கு புள்ளிகள் அளவுக்குக் குறைந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறல் இருப்பவர்கள் நடந்து பார்க்கும் சோதனையைச் செய்ய வேண்டாம். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் கருவி பிழையாகக் காட்டக்கூடும். வேறு விரலில் பொருத்துங்கள்.

வறட்டு இருமலும், நடந்தால் மட்டும் மூச்சு வாங்குவதும் சில நாட்களாக மெல்ல மெல்லக் கூடி வருவது, சி.டி.4 எண்ணிக்கை குறைந்த எச்.ஐ.வி. தொற்றாளர்களிடமும் நீண்டகால ஸ்டீராய்டு உட்கொள்வோரிடமும் காணப்படும் நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் தொற்றாக இருக்கலாம். இது சளிக்காய்ச்சலைப் போல் விரைந்து வராது என்பதாலேயே கவனிக்கப்படாமல் போகிறது. இதைத் தடுப்பதற்காகவே ஏ.ஆர்.டி. மையங்களில் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை தரப்படுகிறது. உடல் தேறிவிட்டது என்று கருதி அதைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலின்படி, இன்ஃபுளூயன்சா நோயாளிகள் ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்படுகின்றனர். லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடல்வலி மட்டும் உடையோர் ஏ பிரிவினர். அவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவையில்லை. வீட்டில் தனித்திருந்து ஓய்வெடுத்தால் போதும். ஆனால் அதே லேசான அறிகுறிகளுடன் வருபவர் புற்றுநோய், எச்.ஐ.வி., நீரிழிவு, சிறுநீரகம், கல்லீரல், இதயம், நுரையீரல் அல்லது இரத்தம் தொடர்பான நோய் உள்ளவராகவோ, நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொள்பவராகவோ இருந்தால் அவர் பி பிரிவின் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். கர்ப்பிணிகளும் 65 வயதைக் கடந்தவர்களும் இவ்வகையினரே. இவர்களுக்கு ஓசெல்டாமிவிர் மருந்து தொடங்கப்பட வேண்டும். அதற்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதே இவ்வழிகாட்டுதலின் முக்கியமான செய்தி. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கநிலை, இரத்த அழுத்தம் குறைதல், சளியில் இரத்தம், நகங்கள் நீலம் பாய்தல் ஆகியவை உள்ளவர்கள் சி பிரிவினர். அவர்கள் உடனடியாக உள்நோயாளியாகச் சேர்க்கப்பட வேண்டும்.

ஆனால், கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவருள் யார் ஏ பிரிவினர், யார் பி பிரிவினர் என்பது முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். "சளி, இருமல்" என்று மட்டும் கூறி நிறுத்திவிடாமல், "எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்துள்ளது, இன்னின்ன மாத்திரைகள் உட்கொள்கிறேன், நேற்று மாலை முதல் இருமல்" என்று தொடங்குங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அதன் படத்தைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். வெள்ள நாளில் கோப்பு நனைந்துபோனாலும் படம் இருக்கும்.

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் பிறர் காதில் விழும்படி கூற வேண்டியதில்லை. மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம். அவர்களின் ஒப்புதலின்றி அச்செய்தியைப் பிறரிடம் வெளியிடுவதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஓசெல்டாமிவிர் மருந்து வயது வந்தோருக்குப் பொதுவாக 75 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை, ஐந்து நாட்களுக்குத் தரப்படுகிறது. சிறுநீரகம் பழுதுற்றோருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் இந்த அளவு குறைக்கப்பட வேண்டும். எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களுக்கு மருத்துவர் நாட்களை நீட்டிக்கலாம். அறிகுறி தோன்றி 48 மணி நேரத்திற்குள் தொடங்குவது சிறப்பு. அதைத் தாண்டிவிட்டாலும் இவர்களுக்குப் பயன் உண்டு. ஆகவே நாள் கடந்துவிட்டதென்று மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிட வேண்டாம். விரைவுப் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்பது உறுதியாகாது.

கீமோதெரபி பெறுவோருக்குத் தனி எச்சரிக்கை

கீமோதெரபி மருந்து ஏற்றிய பின், ஏறக்குறைய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாட்களில் உடல் வெப்பம் ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலோ அது அவசர நிலையாகும். பகலாயினும் இரவாயினும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் செலுத்தப்படுவதே உயிர் காக்கும் சிகிச்சை. பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் இறங்குகிறதா என்று விடியும்வரை பார்த்திருத்தல் இவர்கள் விஷயத்தில் ஆபத்தானது. மாத்திரை வெப்பத்தை மறைக்குமேயன்றித் தொற்றை நிறுத்தாது. வெப்பத்தை வாயிலோ அக்குளிலோ பார்க்கலாம். ஆசனவாயில் வெப்பமானியை வைத்தல் கூடாது.

புதுச்சேரி ஜிப்மரிலோ சென்னையிலோ சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவர்கள், "அந்த மருத்துவமனைக்கே போக வேண்டும்" என்று எண்ணி நேரத்தை இழக்கக்கூடாது. முதல் ஊசி அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே போடப்படலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலைநகரிலுள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ 108 ஆம்புலன்ஸ் மூலம் அனுப்பி வைப்பார்கள்.

கடையில் வாங்கும் "செட் மாத்திரை"

காய்ச்சல், சளி என்றவுடன் மருந்துக் கடையில் நான்கைந்து மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டி வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிவிட்டது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் இதை அறவே தவிர்க்க வேண்டும். அப்பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது காய்ச்சலை ஒரே வேளையில் அடக்கி, நோயை உள்ளே வளரவிடும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பழுதுற்ற சிறுநீரகத்தையும் மாற்றுச் சிறுநீரகத்தையும் மேலும் கெடுக்கும். டாக்ரோலிமஸ் உட்கொள்பவருக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்தால் இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு நஞ்சாகும் அளவுக்கு உயரலாம். ஆன்டிபயாட்டிக் மருந்து வைரஸ் காய்ச்சலைக் குணப்படுத்துவதும் இல்லை. ஓசெல்டாமிவிர் மருந்தும் மருத்துவரின் சீட்டின்றி விற்கப்படக் கூடாததாகும்.

காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால் போதுமானது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் அதன் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மிளகு ரசம், வெந்நீர், கஞ்சி ஆகியவை தொண்டைக்கு இதமளிப்பவை, தாராளமாகக் கொடுக்கலாம். டயாலிசிஸ் நோயாளிகள் தங்களுக்கு விதிக்கப்பட்ட நீரின் அளவை மட்டும் மீற வேண்டாம். மாற்று உறுப்பு பெற்றவர்களும் கீமோதெரபி பெறுபவர்களும் மூலிகைக் குடிநீர், கசாயப்பொடி, லேகியம் எதையும் தம் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக்கூடாது. பிறருக்குத் தீங்கற்ற மூலிகையும் இவர்களின் மருந்தின் அளவை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். பம்ப்ளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸ் உட்கொள்வோருக்கு ஆகாது.

வழக்கமான மருந்துகளை என்ன செய்வது என்ற ஐயம் பலருக்கு எழும். நீண்ட காலம் ஸ்டீராய்டு உட்கொண்டவரின் உடல், தனக்குத் தேவையான கார்ட்டிசாலைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். நோயுற்ற நாளில் உடலுக்கு அது கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்நேரத்தில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். வாந்தியினால் மாத்திரை தங்கவில்லை என்றாலும் மருத்துவமனைக்குச் சென்று ஊசியாகப் பெற வேண்டும். மாற்று உறுப்புக்கான மாத்திரைகளையும் ஏ.ஆர்.டி. மருந்துகளையும் ஒரு வேளைகூடத் தவறவிடக்கூடாது. மெத்தோட்ரெக்சேட் போன்ற சில மருந்துகளைத் தொற்று தீரும்வரை மருத்துவர் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். அம்முடிவு அவருடையதாக இருக்கட்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர், "சாப்பிடவில்லையே" என்று அதை முற்றிலும் விட்டுவிடக்கூடாது. காய்ச்சலின்போது சர்க்கரை ஏறவே செய்யும். அடிக்கடி சோதித்து, அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மழைக்கு முன் தடுப்பூசி

இன்ஃபுளூயன்சா வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் தடுப்பூசியின் கலவையும் மாற்றியமைக்கப்படுகிறது. சென்ற ஆண்டு போட்டது இந்த ஆண்டுக்குப் போதாது. போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். மழை அக்டோபரில் தொடங்கும் நம் பகுதியில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்கள் ஏற்ற காலம். தவறவிட்டவர்கள் நவம்பரிலும் போட்டுக்கொள்ளலாம்.

ஊசியாகப் போடப்படும் இன்ஃபுளூயன்சா தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கும் அது காய்ச்சல் நோயை உண்டாக்காது. மூக்கில் தெளிக்கும் வகையில் வலுக்குறைக்கப்பட்ட உயிர் வைரஸ் இருப்பதால் அதை இவர்கள் தவிர்க்க வேண்டும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் உடலில் தடுப்பூசி முழு அளவில் வேலை செய்வதில்லை என்பது உண்மையே. ஆயினும் நோய் கடுமையாவதை அது குறைக்கிறது. கீமோதெரபியோ எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தோ புதிதாகத் தொடங்கப்போகிறவர், இயன்றால் அதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ரிடுக்சிமாப் ஊசி பெற்றவர்களுக்கும் அண்மையில் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் எப்போது போடுவது என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் முடிவு செய்வார்.

நோயாளியின் உடல் ஊசிக்கு முழுமையாகப் பதில் தராது என்பதால், உடன் வாழ்வோர் போட்டுக்கொள்ளும் ஊசி இரட்டை மதிப்புடையது. பெரும்பாலான வீடுகளில் கிருமியை உள்ளே கொண்டுவருபவர் பள்ளி சென்று திரும்பும் பேரக்குழந்தையே. நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கான தடுப்பூசி குறித்தும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். மண்ணீரல் அகற்றப்பட்டோருக்கு அது மிக இன்றியமையாதது.

மழை எச்சரிக்கை வந்தவுடன் குறைந்தது இரு வாரத்திற்கான வழக்கமான மாத்திரைகளை நீர் புகாத பையில் எடுத்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறுவோர், முன்கூட்டியே பெற இயலுமா என்று பணியாளரிடம் கேட்கலாம். டயாலிசிஸ் நாள் நெருங்கும்போது சாலை மூடப்படும் என்று தெரிந்தால், நீர் சூழும் முன்பே நகர்ப்பகுதியில் உள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுவது அறிவுடைமை. முகாமில் தங்க நேர்ந்தால், கூடத்தின் நடுவில் இடம்பிடிக்காமல் சன்னலோரம் கேளுங்கள். உங்கள் உடல்நிலையைச் சுகாதார ஆய்வாளரிடம் தெரிவியுங்கள்.

சேறும் பூஞ்சையும் தூசியும்

மழைக்காலத்தில் நீரிழிவு உள்ள விவசாயிக்கு வரும் நுரையீரல் அழற்சி எல்லாம் இன்ஃபுளூயன்சாவினால் வருவதன்று. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் மெலியாய்டோசிஸ் என்ற நோய் உண்டாகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. காலில் உள்ள புண் வழியாகவோ, மூச்சு வழியாகவோ, குடிநீர் வழியாகவோ கிருமி உட்புகும். காசநோயைப் போலவே தோற்றமளிப்பதாலும், வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றுக்குக் கட்டுப்படாததாலும் இது எளிதில் தப்பிவிடுகிறது. தொடர் சிகிச்சை மூன்று மாதமோ அதற்கு மேலோ தேவைப்படும். நாற்று நடவு, வயல் வேலை, வெள்ளநீரில் இறங்குதல் ஆகியவற்றுக்குப் பின் காய்ச்சலும் இருமலும் வந்து, மருந்துக்குக் குறையவில்லையெனில், "சேற்றில் வேலை செய்தேன், சர்க்கரை நோய் உண்டு" என்ற இரு செய்திகளையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். இரத்தத்தையோ சளியையோ கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப அது வழிகாட்டும்.

வெள்ளம் வடிந்த வீட்டின் ஈரச்சுவர்களிலும், நனைந்த வைக்கோலிலும், முளைவிட்ட தானியத்திலும் பூஞ்சை படரும். இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கும் அதன் வித்துகள் நுரையீரலில் கடுமையான தொற்றை ஏற்படுத்தக்கூடும். வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் நாளில் அவர்கள் வேறிடத்தில் இருக்கட்டும்.

நெய்வேலிச் சுரங்கப் பகுதியிலும், நிலக்கரி மற்றும் மண் ஏற்றிய வாகனங்கள் செல்லும் சாலையோரங்களிலும், முந்திரிக்கொட்டை வறுக்கும் இடங்களிலும் தூசியும் புகையும் மிகுதி. தூசி தானாகத் தொற்றை உண்டாக்காது. ஆனால் மூச்சுக்குழாயின் உட்பூச்சை எரிச்சலூட்டி, வரும் தொற்றுக்கு வழிவிடுகிறது. இங்குப் பணிபுரிவோர், "இருமல் தூசியால்தான்" என்று நாட்களைக் கடத்துவதும் உண்டு. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு எந்த இருமலையும் தூசியின் கணக்கில் எழுதிவிடுதல் ஆகாது. வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.

வீட்டிலும் கூட்டத்திலும்

வீட்டில் பிறருக்குச் சளி பிடித்தால் முகக்கவசம் அணிய வேண்டியவர் முதலில் அவரே. நோயாளியும் அணிந்தால் பாதுகாப்பு கூடும். துணிக்கவசத்தைவிட என்-95 சிறந்தது. தனி அறை இல்லாத வீடுகள் நம்மிடையே மிகுதி என்பதால், "தனிமைப்படுத்துங்கள்" என்று சொல்லி முடித்துவிட இயலாது. ஒரே அறையில் உறங்க நேர்ந்தால், சன்னலைத் திறந்து வைத்து, ஒருவர் தலைமாட்டில் மற்றவர் கால்மாடு வரும்படி படுக்கலாம். மின்விசிறியின் காற்று சளி பிடித்தவரிடமிருந்து நோயாளியை நோக்கி வீசாதவாறு படுக்கையை மாற்றிப் போடுங்கள். குவளை, துண்டு ஆகியவை தனியே இருக்கட்டும்; சோப்பிட்டுக் கைகழுவுதல் அனைவருக்கும் உரியது.

வடலூரில் தைப்பூசத்தன்று சோதி தரிசனத்திற்குப் பெருந்திரளானோர் கூடுவர். செல்லவே கூடாது என்று அனைவருக்கும் கூறுவது நடைமுறைக்கு ஒவ்வாது. அண்மையில் கீமோதெரபி பெற்றவர்களும், மாற்று அறுவை முடிந்து ஓராண்டு ஆகாதவர்களும் அந்த நெரிசலைத் தவிர்த்து வேறொரு நாளில் சென்று வரலாம். மற்றவர்கள் கவசம் அணிந்து, திறந்தவெளியில் நின்று, விரைவில் திரும்பலாம்.

நோய் தணிந்த பின்

உடல்நலமுள்ளவர் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வைரஸைப் பரப்புவதை நிறுத்திவிடுவார். எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் உடலில் அது வாரக்கணக்கில் நீடிக்கலாம். ஆகவே காய்ச்சல் நின்றுவிட்டது என்பதற்காக, அடுத்த டயாலிசிஸ் அல்லது கீமோதெரபி நாளில் முன்னறிவிப்பின்றிச் சென்று பிற நோயாளிகளிடையே அமர்ந்துவிடாதீர்கள். முன்கூட்டியே தொலைபேசியில் தெரிவித்தால் தனி இடமோ வேறு நேரமோ ஒதுக்குவார்கள். சிகிச்சையைத் தவறவிடுவதும் தீர்வாகாது.

ஓரிரு நாள் குறைந்து மீண்டும் காய்ச்சலும் சளியும் மிகுமாயின், வைரஸைத் தொடர்ந்து பாக்டீரியா தொற்று சேர்ந்துள்ளது என்று ஐயுற வேண்டும்; அன்றே மருத்துவரைக் காணுங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். எச்.ஐ.வி. தொற்றாளர்கள் இரண்டு வாரம்கூடக் காத்திராமல், இருமல் தோன்றியவுடனே அதைக் கேட்டுப் பெறலாம். அரசு மருத்துவ நிலையங்களில் இப்பரிசோதனையும் சிகிச்சையும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும், எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்கு 1097 என்ற எண்ணையும் அழைக்கலாம். மூச்சுத்திணறல் இருக்குமாயின் 104-இல் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல் நேரடியாக 108-ஐ அழையுங்கள்.